மூன்றாவது தடவை கேட்பார்

இப்போதெல்லாம் தையிப்பிடம் "டீ" என்று வாயெடுத்தால் போதும், கை நீண்டுவிடுகிறது. துறைமுகத்துக் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "அண்ணே, நான் உங்களைக் கேக்கவே இல்லையே, பக்கத்துல இருக்கறவரைத்தான் கேட்டேன்" என்று கடைக்காரன் கிண்டலடிப்பான். தையிப் வாங்கிக் குடிப்பார். வயசானால் நாக்கு நீண்டுவிடும் என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் நேற்று முளைத்த பயல்கள். அந்த மனிதர் எப்படி இருந்தவர் என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

எங்கள் ஊரில் ஒருவர் "சாப்பிடுங்க" என்றால் "வேண்டாம்" என்பதுதான் மரியாதை. மறுபடி கேட்டாலும் வேண்டாம். மூன்றாவது தடவை, "அல்லாமேல ஆணை, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று ஆணை விழுந்த பிறகுதான் கை கழுவலாம். ஆணை போடாமல் கூப்பிட்டால் அது வெறும் வாய்வார்த்தை, அதை நம்பி உட்காருகிறவன் மானங்கெட்டவன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். ஆனால் தையிப் அளவுக்கு யாரும் கிடையாது. என் கல்யாணத்தன்று நான் இருந்த பரபரப்பில் அவரை இரண்டு தடவை கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். மனிதர் கடைசிவரை சட்டிகளைத் தூக்கிக் கொடுத்து ஒத்தாசை செய்துவிட்டு, வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் அவர் மனைவி ஹனியா சொல்லித்தான் தெரியும். "மிலூத், உன் கல்யாணத்துல எங்க வீட்டுல பழைய ரொட்டிதான்டா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தையிப்புக்குப் பேய்க்கணவாய், அதான் ஆக்டோபஸ், பிடிக்கிற தொழில். மண்பானைகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் இறக்கிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தூக்குவார். பிள்ளைகள் இல்லை. வீட்டின் முன்னறை சும்மா கிடந்ததால், எப்போதாவது இந்தக் கரைக்கு வழிதவறி வரும் வெளிநாட்டுப் பயணிகளை என் டாக்ஸியில் கொண்டுபோய் அங்கே இறக்குவேன். ஹனியாவின் மீன் கூஸ்கூஸைத் தின்றவர்கள் ஒருநாள் தங்க வந்து மூன்று நாள் தங்குவார்கள்.

கைப்பேசி எல்லாம் வராத காலம் அது. முந்தைய வருடம் ஹனியாவின் இடது கண் போய்விட்டது. அந்த மார்ச்சில் வலது கண்ணும் ஆரம்பித்தது. "மூலையில கறுப்புத் துணி தொங்கற மாதிரி இருக்கு. தினம் ஒரு விரல்கடை இறங்குது" என்றாள். பக்கத்து நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் இருக்கும் திரை கழன்றுகொண்டிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லி ஒரு சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார்கள். ஜூலை பதினொன்று. நான்கு மாதம். ஒரு நாளைக்கு ஒரு விரல்கடை என்று இவள் கணக்குச் சொல்கிறாள், அவர்கள் நான்கு மாதம் என்கிறார்கள்.

அந்த வாரம்தான் ஹால்வர் வந்தார். நார்வேக்காரர், ஐம்பது வயதிருக்கும், முதுகில் மூட்டை. கடலோரமாகவே நடந்து வந்தவரை நான் வழியில் ஏற்றிக்கொண்டேன். தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சு பேசினார். தையிப்பும் பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்துச் சமாளிப்பார்.

இரண்டாம் நாள் மதியம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ஹனியா தேநீர் ஊற்றினாள். கிளாசுக்குள் பாதி, தட்டில் பாதி. ஹால்வர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூட்டையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, "பாக்கலாமா?" என்று தையிப்பிடம் கேட்டார். அவர் கண் டாக்டர் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அந்தக் கண் திரைதான் அவருக்குத் தொழிலே.

ரொம்ப நேரம் பார்த்தார். "இதைச் சீக்கிரம் செய்யணும். தலைநகர் தூனிஸ்ல என் நண்பன் கண் ஆஸ்பத்திரி நடத்தறான். நாளைக்குக் காலையில நான் அங்கேதான் போறேன். ரெண்டு பேரும் என்கூட வாங்க. நாங்களே செஞ்சிடறோம், எதுவும் தர வேண்டாம்" என்றார்.

ஹனியாவின் கையில் இருந்த தேநீர்க் குடுவை அப்படியே நின்றது. நான் தையிப்பைப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன், அது பொய்யில்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அது ஐம்பத்தெட்டு வருடம் பழகியதைத்தான் சொன்னது.

"அய்யோ, வேண்டாங்க. நீங்க ஓய்வெடுக்க வந்தவரு. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமம் இல்ல. நிஜமாவே வேண்டாமா?"

"வேண்டாங்க. இங்க ஆஸ்பத்திரியில தேதியெல்லாம் குடுத்துட்டாங்க. நீங்க மீனைச் சாப்பிடுங்க."

இதைக் கேட்டதும் ஹால்வருக்கு முகம் தெளிந்துவிட்டது. "ஓ, தேதி குடுத்தாச்சா? அப்ப சரி. நல்லது" என்று மீன் பக்கம் திரும்பிவிட்டார். எந்த மாதத்துத் தேதி என்று அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன். தையிப் என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னொருவர் வீட்டில், அவர் உப்பைத் தின்றுகொண்டு, அவர் மனைவி விஷயத்தை நான் பேசுவதா? மூடிக்கொண்டேன். அந்த மரியாதையை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

வாசலில் வைத்துக் கேட்டேன். "என்ன அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"என்னடா பண்ணிட்டேன்? ரெண்டு தடவைதானே ஆச்சு. கிளம்பும்போது கேப்பாரு."

"அவங்க ஊர்ல அப்படிக் கிடையாதுண்ணே. வேண்டாம்னா வேண்டாம்தான், விட்டுடுவாங்க."

"டாக்ஸி ஓட்டறவன் எனக்கு மனுஷங்களைப் பத்திச் சொல்றியா? அவரு நல்ல மனுஷன். மூணாவது தடவை கேப்பாரு. நீ வேணாப் பாரு."

மறுநாள் காலை ஏழு மணி பஸ். ரொட்டி கொடுக்கிற சாக்கில் நானும் போய் நின்றேன். ஹனியா வெளியூர் போகும்போது போர்த்துகிற வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் துணிமூட்டையோடு, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூட்டையில் சோப்பு, துண்டு, அடையாள அட்டை. தையிப் சவரம் செய்து, கோட்டு போட்டிருந்தார்.

ஹால்வர் வெளியே வந்தார். இருவரையும் பார்த்து மலர்ந்துபோனார். தன்னை வழியனுப்பத்தான் இவ்வளவு அலங்காரம் என்று நினைத்துவிட்டார். தையிப்பைக் கட்டிக்கொண்டார். ஹனியாவின் கையில் ஒரு சாக்லேட் பெட்டியை வைத்தார். "உங்க தயவை மறக்க மாட்டேன். ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும்" என்றார். பஸ் ஹாரன் அடித்தது. தையிப் அவர் மூட்டையை வாங்கித் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனார். படியில் ஏறும்போது டாக்டர் திரும்பினார். தையிப் நிமிர்ந்தார். டாக்டர் கையை ஆட்டினார். அவ்வளவுதான்.

"அண்ணே, வண்டியில ஏறுங்க" என்று கத்தினேன். "அடுத்த ஊர்ல பஸ் கால்மணி நேரம் நிக்கும். பிடிச்சிடலாம்."

"பிடிச்சு?"

"கேக்கலாம்!"

"ஒரு மனுஷன் வாய்வார்த்தைக்குச் சொன்னதை, துரத்திட்டுப் போய்க் கேக்கறதா? நிஜமாச் சொல்லியிருந்தா ஆணை போட்டிருப்பாரு."

நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே ஹனியா எழுந்தாள். சுவரைத் தடவி, என் வண்டியைத் தடவி, கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். மூட்டை மடியில் இருந்தது. நான் சாவியைப் போட்டேன்.

"ஹனியா, இறங்கு" என்றார் தையிப். அதட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். "ஊர் பாக்குது. இறங்கு."

அவள் இறங்கினாள். நானும் வண்டியை அணைத்தேன். அணைக்காமல் போயிருக்கலாம். அவள் இறங்குவதற்குள் ஒரு மிதி மிதித்திருந்தால் போதும். எத்தனையோ பேரை எத்தனையோ இடத்துக்குக் கொண்டுபோய் விட்டவன் நான், அன்றைக்கு மட்டும் என் கால் எழவில்லை.

ஏப்ரல் ஆரம்பத்தில் அவளுக்கு முழுதும் இருண்டுவிட்டது. ஜூலை பதினொன்றாம் தேதி சொன்னபடி போனோம். நகரத்து டாக்டர் சின்ன வயசுக்காரர், பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது. "மார்ச்லயே செஞ்சிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதும் தையிப் உடையவில்லை. அந்த வெளிநாட்டுக்காரர் சும்மா ஒப்புக்குத்தான் கேட்டார், நாம் போயிருந்தாலும் அசிங்கப்பட்டுத் திரும்பியிருப்போம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினார்.

அக்டோபரில் ஹால்வரிடமிருந்து பிரெஞ்சில் கடிதம் வந்தது. தையிப்புக்கு அந்தக் கையெழுத்து பிடிபடவில்லை, படிக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஹனியா கட்டிலில் சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தாள். நான் எழுத்துக்கூட்டி, எங்கள் பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தேன். கரை எவ்வளவு அழகு, மீன் எவ்வளவு ருசி, எல்லாம் இருந்தது. பிறகு இது வந்தது: "உங்கள் மனைவிக்கு அங்கேயே ஆபரேஷன் நன்றாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஒருவேளை நீங்கள் மனம் மாறி வந்துவிட்டால் என்று, அந்த வாரம் வியாழக்கிழமை வரை, நண்பனிடம் சொல்லி உங்கள் மனைவிக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தேன்." இதை நான் விழுங்கியிருக்கலாம். எனக்குக் கோபம். ஒரு வார்த்தை விடாமல் படித்தேன்.

தையிப் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, "பதில் எழுதணும்டா. பாவம், காத்துட்டிருப்பாரு" என்றார். நான் தாளை எடுத்தேன். "நாங்க நல்லா இருக்கோம்னு எழுது. ஹனியா நல்லா இருக்கா. கண்ணைப் பத்தி ஒண்ணும் வேண்டாம், மனுஷன் வருத்தப்படுவாரு. அடுத்த வருஷம் வரச் சொல்லு."

எழுதிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து ஹனியாவின் குரல் வந்தது.

"அந்த வியாழக்கிழமை எனக்கு இன்னும் கண்ணு தெரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. அதையும் எழுது, மிலூத்."

பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தையிப்பைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை.

எழுதினேன்.