விழக் கூடாது என்று மன்றாடினோம்

இன்று காலை ஜெர்மனியின் எசன் நகர ட்ராமில் என் முன் சீட்டில் இரண்டு ஜெர்மன் இளைஞர்கள். கைபேசியில் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்கன் ஃபுட்போல். பந்தை எறிய வேண்டிய குவாட்டர்பேக் தானே அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். எதிரணிக்காரன் முழு வேகத்தில் வந்து இடித்துச் சாய்க்கிறான்.

“இப்படி இடிக்க விடவே கூடாது” என்றான் ஒருவன்.

“ஓடினால் இடி வாங்கத்தான் வேண்டும். முதலே விழுந்து சறுக்கியிருக்கலாமே? தானாக விழுந்தவனை இடிக்கக் கூடாது என்றுதானே விதி” என்றான் மற்றவன்.

வீடியோவில் இடி வாங்குகிறவன் என் மகன். இதுதான் அவனுக்குத் தொழில். தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நேற்றும், “சுகமானதும் திரும்ப விளையாடுவன் அப்பா” என்றான்.

அவர்கள் மறுபடியும் வீடியோவைப் போட்டார்கள்.

“தம்பி, நிப்பாட்டுங்கோ!” தமிழிலேயே கத்திவிட்டேன். ட்ராமே திரும்பிப் பார்த்தது.

இறங்கியதும் மனைவிக்கு ஃபோன் எடுத்தேன். அவன் விளையாடுவதைப் பார்க்கிற தைரியம் எங்கள் இருவருக்குமே இல்லை. விதி எங்கே தெரியும்?

“தானா விழுந்தா இடிக்க மாட்டினமாம்” என்றேன்.

மறுமுனையில் அழுகை.

“ஐயோ, ஒவ்வொரு மட்சுக்கும் மெழுகுதிரி கொளுத்தி, என்ர பிள்ளை விழக் கூடாது மாதாவே எண்டெல்லோ மண்டாடினனான்!”

மாதா கேட்டுவிட்டார் போலிருக்கிறது. கடைசிவரை அவன் தானாக விழவேயில்லை.

இனி எப்படி மன்றாடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகனிடம் சொல்லிப் பயனில்லை. மாதாவிடமாவது இந்த முறை விதியைச் சரியாகச் சொல்ல வேண்டும்.