பதினைந்து இஞ்ச் ஒன்றா, பத்து இஞ்ச் இரண்டா?

1. செல்வி அம்மாவின் போன்

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் அடித்தது. இப்போதெல்லாம் ஷட்டரை ஒரே மூச்சில் தூக்க முடிவதில்லை. முதலில் இடுப்பு சம்மதிக்க வேண்டும், அப்புறம் தோள் சம்மதிக்க வேண்டும். ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டே போனை எடுத்தேன். சிதம்பரத்திலிருந்து செல்வி அம்மா. போன மாதம்தான் அவர்கள் வீட்டு மாடி ஹாலில் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுத்திருந்தேன்.

"அண்ணே, நீங்க வச்ச பெரிய பொட்டியத் திரும்ப எடுத்துக்குங்க. எங்களுக்கு வேணாம்."

"என்னம்மா ஆச்சு? சத்தம் வரலியா?"

"பொட்டிக்கு ஒண்ணும் இல்ல. வூடுதான் ரெண்டாவப் போவுது. எங்க கொழுந்தனாரு பாலு கடலூர்ல வாடகைக்கு வூடு பாத்துட்டாரு. வெள்ளிக்கெழம அட்வான்ஸ் குடுக்கப் போறாராம்."

"அதுக்கும் சப்வூஃபருக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அது வந்த நாள்லேருந்துதாண்ணே சண்டை. இவுரு கொறைங்கறாரு, அவுரு ஏத்துறாரு. நான் வாழ வந்தப்ப பாலு ஸ்கூல் போயிக்கிட்டிருந்தாரு. என் கையால சோறு போட்டு வளத்த புள்ள. இப்ப என் மூஞ்சியப் பாக்காம சாப்புட்டுட்டுப் போறாரு." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது அந்த வீட்டு மாடிப்படிதான். அந்தப் பதினைந்து இஞ்ச் பெட்டியை அதன் வழியாக ஏற்றியதற்கே ஒரு வாரம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். மறுபடி இறக்குவதா என்று நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது. ஆனாலும் வருகிறேன் என்று சொன்னேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து, கல்யாண சவுண்ட் சர்வீஸ், டிவி, டிடிஹெச் என்று எல்லாம் பார்த்து ஓய்ந்துபோய் ஹோம் தியேட்டருக்கு வந்து நிற்கிறவன் நான். நான் மாட்டிய பொருளால் ஒரு குடும்பம் பிரிந்தது என்ற பேச்சை மட்டும் இதுவரை கேட்டதில்லை.

2. ஒரே வீட்டுக்கு எதுக்கு ரெண்டு?

தொம்மென்ற பேஸ் சத்தத்தை மட்டும் தருகிற இந்த சப்வூஃபர் பெட்டியைப் பெரிதாக ஒன்று வாங்கலாமா, சின்னதாக இரண்டு வாங்கலாமா என்று கேட்காத கஸ்டமர் கிடையாது. நான்கு வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். நான் சொல்லும் பதிலை ஐந்தாவது வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்காக வருத்தப்பட இப்போது தெம்பு இல்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து இஞ்ச் ஒன்று நன்றாக ஆழத்துக்கு இறங்கும், பெரிய ஹாலையும் நிரப்பும். ஆனால் பேஸ் சுவரில் மோதித் திரும்பி வரும். திரும்பி வருவதும் புதிதாகப் போவதும் சில இடத்தில் சேர்ந்துகொள்ளும். அங்கே உட்கார்ந்தால் நெஞ்சில் குத்தும். சில இடத்தில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அங்கே உட்கார்ந்தால் சப்வூஃபர் ஓடுவதே தெரியாது. அதை நாங்கள் டெட் ஸ்பாட் என்போம். பத்து இஞ்ச் இரண்டை எதிரெதிர்ச் சுவரில் வைத்தால் ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று நிரப்பும். யார் எங்கே உட்கார்ந்தாலும் ஏறக்குறைய ஒரே சத்தம் கேட்கும்.

பெட்டி வாங்குவதற்கு முன்பே செல்வி அம்மாவின் கணவர் ராமலிங்கத்திடமும் பாலுவிடமும் இதைச் சொன்னேன். இருவரும் அண்ணன் தம்பி. சிதம்பரத்தில் பெயின்ட், ஹார்டுவேர் கடை. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையல். ஹோம் தியேட்டர் ஆசை தம்பி பாலுவுடையது. ஹால் நீளமாக இருந்ததால் இரண்டு பத்து இஞ்ச் போடலாம் என்றேன். பாலு அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே வூட்டுக்கு எதுக்கு சார் ரெண்டு?" என்றார் ராமலிங்கம். "எங்க பெரியப்பா வூட்ல ரெண்டாவதா ஒரு கிரைண்டர் வாங்குனாங்க. அதே வருசம் ரெண்டு அடுப்பாயிடுச்சி. எங்க வூட்ல எதுவும் ஒண்ணுதான். பெருசா ஒண்ணே போட்டுடுங்க."

கிரைண்டரும் சப்வூஃபரும் ஒன்றா என்று நான் வாதாடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு கஸ்டமர் கேட்டதைப் போடுவது என்று என்றைக்கோ முடிவு செய்துவிட்டேன். "யாரெல்லாம் எங்க உக்காருவீங்க?" என்று மட்டும் கேட்டேன். "எல்லாரும் சோபாலதான்" என்றார் ராமலிங்கம். பாலுவும் தலையாட்டினார். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. அதில் சத்தத்தை அளக்கும் மைக்கை வைத்து செட்டிங் எடுத்தேன். பெட்டியை வைக்க அவர்கள் காட்டியது கன்னி மூலை. பாரமான சாமான் அங்கேதான் இருக்க வேண்டுமாம். மூலையில் வைத்தால் சத்தம் இன்னும் முட்டும் என்று சொல்லிப் பார்த்தேன், அவர்கள் கேட்கவில்லை, அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

3. ஆளுக்கு ஒரு சத்தம்

செல்வி அம்மா கூப்பிட்ட மறுநாள் பகல் பஸ்ஸில் போனேன். புதுச்சத்திரம் தாண்டியும் உட்கார இடம் கிடைக்கவில்லை. சிதம்பரத்தில் இறங்கியபோது முழங்கால் என்னுடையது மாதிரியே இல்லை. கடையை மூடிவிட்டு அண்ணன் தம்பி இருவரும் சாப்பிட வருகிற நேரம் அது.

முதலில் வந்தவர் ராமலிங்கம். மாடிக்கு வந்து சோபாவில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். "சார், எனக்கு ஹார்ட்டுல ஸ்டென்ட் வச்சிருக்கு. ஆசுபத்திரில என் தலமாட்டுல உக்காந்திருந்தவனே அவன்தான். அவனுக்குத் தெரியாதா? இங்க உக்காந்தா சம்மட்டியால அடிக்கிற மாதிரி நெஞ்சுல எறங்குது. கொறைடாங்கறேன். ஏத்துறான் சார். நான் இருந்தா என்ன, போனா என்னன்னு நெனைச்சிட்டான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டிக்குப் பின்னால் குனிந்து கேபிளைப் பார்ப்பவன் போல இருந்தேன்.

அவர் கை கழுவக் கீழே போனதும் பாலு வந்தார். அவர் கணக்கு வேறு. "அண்ணே, கடைல நான் ஒரு வார்த்த பேசறதில்ல. எந்தக் கம்பெனி பெயின்ட் எடுக்கறது, யாருக்குக் கடன் குடுக்கறது, எல்லாம் அவுருதான். நானும் இத்தினி வருசம் சரிசரின்னுதான் இருந்தேன். ஆசையா கேட்டது இது ஒண்ணுதான். இதுல ஒண்ணுமே கேக்கல. நீங்க மாட்டுனது ஓடுதான்னே தெரியல. கேக்காத சத்தத்தப் போயி கொறைங்கறாரு பாருங்க. நான் எதுலயும் சந்தோசமா இருந்துடக் கூடாதுன்னு நெனைக்கிறாரு."

ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒருவருக்குச் சம்மட்டி அடி, இன்னொருவருக்கு ஓடுகிறதா என்றே தெரியவில்லை. இருவரில் ஒருவர் பொய் சொல்ல வேண்டும். அல்லது பெட்டியில் கோளாறு இருக்க வேண்டும். கேபிளைக் கழற்றி மாட்டினேன். சத்த அளவுக்கான கெயினைப் பார்த்தேன், ஃபேஸ் சுவிட்சை மாற்றிப் பார்த்தேன். மொபைலிலிருந்து, நிற்காமல் ஒரே சத்தமாக வரும் டெஸ்ட் டோன் போட்டேன். சோபாவில் உட்கார்ந்து கேட்டால் தொம்மென்று வருகிறது. மூலையில் வைத்ததால் நான் பயந்ததைவிட ஜாஸ்தியாகவே வருகிறது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

பாலு பேசிக்கொண்டே மாடிப்படிப் பக்கம் போய், அங்கே அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். ஹாலின் நீளத்துக்கு நடுவில், பக்கச் சுவர்க் கதவோரமாகப் போட்டார். தனக்காக இல்லை, என் முழங்காலைப் பார்த்துவிட்டுத்தான். "உக்காருங்கண்ணே, நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. உட்கார்ந்தேன்.

பேஸ் போய்விட்டது. டோன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மூலையில் பெட்டியின் ஸ்பீக்கர் கோன் அசைவது கண்ணுக்குத் தெரிகிறது. காதில் ஒன்றுமில்லை. எழுந்து நான்கு எட்டு நடந்தேன், வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன், போய்விட்டது.

"பாலு, நீங்க படம் பாக்கறப்ப எங்க உக்காருவீங்க?"

"இங்கதான். இந்த மாதிரி ஒரு சேர் போட்டுக்குவேன்."

"சோபாலன்னு சொன்னீங்களே?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "சோபால அண்ணன் உக்காந்திருப்பாரே."

அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அப்பா போனபின் அண்ணன் உட்காரும் சோபாவில் அவர் சமமாக உட்கார்ந்ததே இல்லை. படம் முடிந்ததும் நாற்காலியை எடுத்து அடுக்கிவிடுவார். அதனால் என் கண்ணிலும் அது படவில்லை. அண்ணனோ தம்பியோ இதைச் சொல்லவும் இல்லை. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. மரியாதைக்காகத் தள்ளி உட்கார்ந்தவர் சரியாக டெட் ஸ்பாட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

சாப்பிடக் கீழே போன ராமலிங்கத்தைக் கூப்பிட்டேன். செல்வி அம்மாவும் பின்னாலேயே வந்தார். ஒரு சண்டைப் படத்தைப் போடச் சொல்லி, அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியிலும் தம்பியைச் சோபாவிலும் உட்காரச் சொன்னேன். பாலு மாட்டேன் என்று நின்றார். "சும்மா ஒரு நிமிசம், டெஸ்டிங்குக்கு" என்று தோளைப் பிடித்து அழுத்தித்தான் உட்கார வைத்தேன்.

படத்தில் லாரி வெடித்தது. சோபாவில் இருந்த பாலு சட்டென்று நெஞ்சில் கை வைத்தார். நாற்காலியில் இருந்த ராமலிங்கம் டிவியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் சார், ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"இல்லீங்க. ஓடுது. உங்க தம்பி தினம் கேட்டது இதுதான்."

பாலு நெஞ்சிலிருந்து கையை எடுக்காமலே ராமலிங்கம் பக்கம் திரும்பினார். "அண்ணே" என்றார். "எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமா எனக்கு இப்படிக் கேக்கவே இல்லண்ணே." அழுகையை அடக்கப் பார்த்து முடியாமல் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

4. அண்ணன் கேட்ட கேள்வி

பதினைந்து இஞ்சைத் திரும்ப எடுத்துக்கொண்டு பத்து இஞ்ச் இரண்டு தருவதாகச் சொன்னேன். மாடிப்படி பயம் இருந்தது, இருந்தாலும் அதுதான் சரியான வேலை. ஒன்று டிவி பக்கம், இன்னொன்று சோபாவுக்குப் பின்னால். இனி யாரும் யாரையும் ஏற்று, குறை என்று சொல்ல வேண்டியதில்லை என்றேன்.

ராமலிங்கம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "அப்ப ரெண்டு வச்சா, அவன் இங்கயே உக்காந்துக்கலாம். அப்படித்தானே?"

"ஆமாங்க. எங்க வேணும்னாலும் உக்காந்துக்கலாம்."

"அப்ப ரெண்டு வேணாம்."

எழுந்து போய் சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டினார். "பாலு, இங்க வந்து உக்காருடா."

"இருக்கட்டும்ணே."

"உக்காருன்னு சொல்றன்ல."

பாலு செல்வி அம்மாவைப் பார்த்தார். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன்தான் கூப்புடுறாருல்ல, போங்க" என்றார். பாலு வந்து உட்கார்ந்தார். முதுகைச் சாய்க்காமல், முழுதாகக் கூட உட்காராமல், இன்டர்வியூவுக்கு வந்தவர் போல விளிம்பில் உட்கார்ந்தார். அண்ணன் பார்க்கவே இல்லை. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி எல்லாம் சாதாரண வேலை. சோபாவைப் பின்சுவரிலிருந்து இழுத்துப் போட்டேன். பெட்டியைக் கன்னி மூலையிலிருந்து கொஞ்சம் நகர்த்தினேன். இந்த முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. சோபாவில் இரண்டு இடத்தில் மைக்கை வைத்து மறுபடி செட்டிங் எடுத்தேன். நெஞ்சில் குத்தியது போய், இருவருக்கும் ஒரே மாதிரி இதமாக வந்தது. புதிதாக ஒன்றும் விற்கவில்லை. முதுகுவலி மட்டும் என் பங்கு.

இதில் நான் படித்த பாடம் ஒன்று உண்டு. ஒன்றா இரண்டா என்பது அறையைப் பொறுத்தது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள், நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அறையைவிட உட்காருகிறவர்களைப் பொறுத்தது அது. இரண்டு வைத்தால் அவரவர் இடத்தில் இருந்துகொள்ளலாம். ஒன்று வைத்தால் நல்ல இடம் ஒன்றுதான், அதில் நெருங்கி உட்கார வேண்டும். எல்லோராலும் அது முடியாது, முடியாதவர்களுக்கு இரண்டு போடுவதே நல்லது. இப்போது நான் யாரிடமும் எங்கே உட்காருவீர்கள் என்று வாயால் கேட்பதோடு விடுவதில்லை. வீட்டில் எல்லோரும் இருக்கிற நேரத்துக்குப் போய், யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அளவெடுக்க டேப்பை எடுக்கிறேன். இது இன்னொரு நடை, இன்னொரு பஸ். பரவாயில்லை.

அன்றைக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள். பாலு பைக்கில் பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவந்து விட்டார். கடலூர் பஸ் வர நேரமிருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு போனை எடுத்தார்.

"சார், வூடு கேட்டிருந்தேன்ல, பாலமுருகன் பேசறேன். வெள்ளிக்கெழம வரலீங்க. வேற யாருக்குன்னா குடுத்துடுங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். பாலு ஏதாவது ஒரு காரணம் சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"இல்லீங்க, வாடகைல்லாம் ஒண்ணும் பிரச்சன இல்ல" என்றார். "எங்கண்ணன் பக்கத்துல வந்து உக்காரச் சொல்லிட்டாருங்க."