இல்லை என்று நிரப்பிய படிவம்

உரும்பிராயில் படிவம் நிரப்ப வேண்டியவர்கள் என்னிடம்தான் வருவார்கள். நான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன். விசா, வங்கி, ஓய்வூதியம் என்று எதைக் கொண்டுவந்தாலும் விறாந்தை மேசையில் வைத்து நிரப்பிக் கொடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நிரப்பிக் கொடுத்த நான், சொந்த அக்காவின் படிவத்தில்தான் கோட்டைவிட்டேன்.

அத்தான் காலமான பிறகு அக்கா எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். கனடாவில் இருக்கும் அவருடைய ஒரே மகளுக்குக் குழந்தை பிறக்க இருந்தது. அக்கா போய் ஆறு மாதம் நின்று பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று. அந்த விசாவுக்கு, போன இடத்தில் வரும் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பயணக் காப்புறுதி கட்டாயம் என்று மகள் படிவத்தைத் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தாள். எனக்கு அது காப்புறுதியாகவே தெரியவில்லை. விசாவுக்கு வேண்டிய இன்னொரு கடதாசி, அவ்வளவுதான்.

இருதய வருத்தம் உண்டா? சீனி வருத்தம்? இரத்த அழுத்தம்? தொடர்ந்து எடுக்கும் மருந்துகள்? யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தினார்.

“தம்பி, எனக்குப் பிரஷர் இருக்கெல்லே. அதையும் போடன்.”

“உங்களுக்கு உது விளங்காது அக்கா. வருத்தம் எண்டு எழுதினால் விசா தரமாட்டாங்கள்.”

அக்கா மறுபடியும் முருங்கையிலையை உருவத் தொடங்கினார். படித்த தம்பிக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார். எனக்கும் உண்மையில் ஒன்றும் தெரியாது. தெரியாததை நான் அதட்டிச் சொன்னேன்.

எங்கள் வயதுக்காரருக்கு ‘இல்லை’ என்ற சொல் பழகிப்போனது. சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் சென்றிக் காவலரணில் சைக்கிளை மறித்து எதைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வோம். சொந்தக்காரர் யாராவது இயக்கத்தில் இருக்கிறார்களா? இல்லை. ஒருமுறை அந்த ஒரு சொல்லால்தான் நான் வீடு வந்து சேர்ந்தேன். கலியாணப் பேச்சுக்காலிலும் வீட்டில் வருத்தக்காரர் இருப்பதாக யாரும் வாய் திறப்பதில்லை. கேள்வி கேட்பவன் எவனும் எங்களைப் பிடிக்கத்தான் கேட்கிறான் என்று மனதில் பதிந்துவிட்டது. காப்பாற்றுவதற்காகவும் ஒருவன் கேட்கக்கூடும் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

அக்கா மாத்திரைகளையும், வருத்தமும் மருந்தும் எழுதிய பத்து வருடக் கிளினிக் கொப்பியையும் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

ஐந்தாவது கிழமை, பேத்தியைக் குளிக்கவார்த்துத் தலை துவட்டும்போது அக்காவின் வலது கை சோர்ந்தது. வாய் குழறியது. மகள் அம்புலன்சுக்கு அடித்தாள். ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்றார்கள். வைத்தியர் முந்திய வருத்தங்களைக் கேட்டதும் கிளினிக் கொப்பியை எடுத்துக் கொடுத்தாள். அவள் செய்தது சரி. காப்புறுதிக் கொம்பனிக்காரர் ஆஸ்பத்திரி அறிக்கையையும் நான் நிரப்பிய படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். உண்மையை மறைத்ததால் எதுவும் தரமுடியாது என்று கடிதம் வந்தது.

மகள் அதைத் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

“ஏன் மாமா இல்லை எண்டு போட்டனீங்கள்?”

எல்லாரும் அப்படித்தான் போடுகிறவர்கள் என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

உடனடியாகப் பேச்சுப் பயிற்சி தொடங்கிச் சில மாதங்கள் விடாமல் செய்தால் பேச்சு பெருமளவு திரும்பும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவே மகளுடைய வீட்டை ஈடு வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. பறக்கலாம் என்று வைத்தியர் சொன்ன அன்றே அக்காவுக்கு விமான ரிக்கெற் போட்டார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்தவர் என்னைக் கண்டதும் இடது கையால் என் கன்னத்தைத் தடவினார். நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். பிறகு இங்கேயும் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். முதல் மாதங்கள் கைநழுவிப் போயிருந்தன. இப்போது அக்காவிடம் ஏழெட்டுச் சொற்கள்தான் இருக்கின்றன.

பிரஷர் என்று எழுதியிருந்தாலும் விசா கிடைத்திருக்கும். காப்புறுதிக் கட்டணம்தான் கொஞ்சம் கூடியிருக்கும். இதைப் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். முன்னமே விசாரிக்காமல் விட எனக்கு என்ன வந்தது? அதனால் இப்போது படிவத்தோடு வருகிறவர்களிடம் முதலில் கிளினிக் கொப்பியைக் கேட்கிறேன். சிதம்பரத்துக்குப் போனாலும் கனடாவுக்குப் போனாலும் நல்ல காப்புறுதி எடுங்கள், இருக்கிற வருத்தத்தை இருக்கிறது என்று எழுதுங்கள் என்று அலுக்காமல் சொல்கிறேன்.

போன மாதம் நீர்வேலியிலிருந்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர் வந்தார். லண்டனில் மகனுக்குக் கலியாணம். கொப்பியில் சீனி வருத்தம் இருந்தது.

“சேர், உதை விடுங்கோ. இல்லை எண்டு போடுங்கோ. எல்லாரும் அப்பிடித்தானே.”

என் பதிலையே அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். எவ்வளவோ விளக்கிச் சொல்லியும் மனிதர் மசியவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது. யாரோ ஒருவர், எப்படியாவது போகட்டும் என்று பேனாவை எடுத்தேன்.

யன்னலோரம் நாற்காலியில் இருந்த அக்கா இடது கையை நீட்டிக் கிளினிக் கொப்பியைக் காட்டினார். வாய் கோணி, நேரமெடுத்து, சொல் வந்தது.

“தம்பி... போடு.”

அன்றைக்கும் அவர் அதைத்தான் சொன்னார். இந்த முறை அக்கா சொன்னபடி எழுதினேன்.