படத்தில் இருப்பவரைக் கேட்காமல்

"அக்கா, ஸ்டெல்லாக்கா போயிட்டாங்க" என்று அவள் தம்பி ஜெயராஜ் போனில் சொன்னபோது நான் வாழப்பாடி பஸ்ஸில் இருந்தேன். நெஞ்சுவலியாம்; ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டான்: "போஸ்டருக்கு நல்ல போட்டோ இருக்குமாக்கா?" இந்த அஞ்சலியைப் படிக்கிற, அவளை அறிந்த உங்களுக்குத் தெரியும், ஊரார் படங்களையெல்லாம் சேர்த்தவள், தன் படமென்றால் ஓடிவிடுவாள்.

நாங்கள் ஒரே கல்லூரியில் சமூகவியல் கற்பித்தோம். திருச்செங்கோட்டுப் பக்கம், போர் போடும் ரிக் வண்டிகளில் வேலைக்குப் போகிறவர்களின் குடும்பங்களை ஆய்வு செய்தபோது, கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்தாள். பிறகு அவர்கள் எடுத்த படங்களை வைத்தே பேசச் சொல்வாள். நான் இடையில் புகுந்தால் தொடையில் கிள்ளுவாள். "படத்தைக் கையில குடுத்துட்டு வாயை மூடுடி. அவங்க பார்க்கட்டும்."

பூங்கொடி என்பவர் எடுத்திருந்தது ஒரு ஜோடி ஆண் செருப்பு. "எங்கூட்டுக்காரரு வடக்க போனா வரதுக்கு மாசக்கணக்காவுமுங்க. ஆம்பளை ஊட்ல இருக்காருன்னு நெனைக்கட்டும்னு வாசல்ல போட்டு வெச்சிருக்கறேனுங்க" என்றார். ஆய்வறிக்கைக்கு இதுதான் அட்டைப்படம் என்று நான் துள்ளினேன். பூங்கொடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது புஸ்தகத்துல வேண்டாமுங்க டீச்சர். வெளிய தெரிஞ்சா நான் எப்படி இருக்கறது?" என்றார். ஸ்டெல்லா அப்போதே நீக்கிவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் சண்டை போட்டேன். "ஆய்வு நம்மளோடது, வீடு அவங்களோடதுடி" என்றதோடு சரி. இப்போது பூங்கொடியின் கணவர் வீட்டோடு இருக்கிறார். இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதிக்கங்க சாமி, பேரை மட்டும் மாத்திப் போடுங்க" என்றார். மாற்றியிருக்கிறேன்.

ஃபேர்லேண்ட்ஸில் ஸ்டெல்லாவின் உடலை வைத்திருந்த வீட்டுக்குப் பூங்கொடியும் வந்திருந்தார். அவர் போனில் ஒரு படம். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வாய் நிறையக் களியோடு, கண்ணை மூடிச் சிரிக்கிறாள் ஸ்டெல்லா. ஜெயராஜ் உடைந்துபோனான். "இதையே போட்டுடலாம்க்கா." பூங்கொடி என்னைப் பார்த்தார். "அவங்களக் கேக்கலீங்களே."

பெட்டியருகே போய், அவள் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தேன். "ஸ்டெல்லா, இதைப் போடலாமாடி?" பிறகு அவள் சொல்லிக்கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஜெபம் சொன்னவர்கள் நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு நேரம் நான் பேசாமலிருந்ததைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

சம்மதம் வராத படத்தை வெளியிடக் கூடாது என்பதும் அவள் வழக்கம்தான். போஸ்டரில், கல்லூரி அடையாள அட்டைக்கு அவளே எடுத்துக் கொடுத்த படத்தைப் போட்டோம். அதில் யாரோ ஒருத்தி விறைப்பாக இருக்கிறாள். சிரிக்கும் படத்தைப் பூங்கொடி எனக்கு அனுப்பியிருக்கிறார். அதை வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் காட்ட மாட்டேன்.