தனி வாசல்

எங்கள் கார் கம்பெனி சொகுசு வண்டிகளுக்கென்று வேறு பெயர் வைத்தது. வேங்கிக்கால் ஷோரூமுக்குப் பின்னால், வேறு தெருவில் அதற்குத் தனி வாசல், பளிங்குத் தரை. விற்கிற எனக்கு இந்த வெயிலிலும் கோட்டு. கம்பெனியின் பழைய பெயரை வாயால் சொல்லவே கூடாதாம். நாளெல்லாம் அதை விழுங்கி விழுங்கியே அலுத்துப்போனேன்.

கீழ்பென்னாத்தூர் மல்லாட்டைக் கடலை வியாபாரி ஒருவர் மாதக்கணக்கில் யோசித்து ஒரு வண்டி எடுத்தார். டெலிவரியன்று அவர் மனைவி சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தார். பளிங்கு கறையாகும் என்று பதறிய மேனேஜர், வண்டியை முன்பக்கத்துப் பழைய ஷோரூம் வாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே பழங்கள் நசுங்கின. அந்த அம்மா நிமிர்ந்து பெயர்ப்பலகையைப் பார்த்தார்.

"இவங்க வண்டிதானா இது? எங்க பழைய காரும் இவங்களதுதாங்க. மொதல்லயே சொல்லியிருந்தா யோசிக்காமலே எடுத்திருப்போமே!"

நான் கோட்டைக் கழற்றினேன்.