அட்யூ, அல்லது போயிட்டு வரேன்

ஆங்கிலப் பாடப் புத்தகத்தில், ஒரு செய்யுளின் கடைசி வரியில் அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. எங்கள் வகுப்பு அதை மூன்று துண்டாக உடைத்தது: அ, டி, யூ. கடைசி பெஞ்சு ‘அடேயூ’ என்றது. டீச்சர் மேசையைத் தட்டி, நடுவில் மூச்சு விடாமல் ‘அட்யூ’ என்று சொல்லச் சொன்னார். ‘விடைபெறும் சொல்’ என்று கரும்பலகையில் எழுதினார். மணி அடித்துவிட்டது.

என் பக்கத்தில் இருந்தவள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்பார்கள். என் அப்பாவுக்கு மில் வேலை. சாரம் பகுதியில் எதிரெதிர் வீடு எங்களுக்கு.

அன்று மாலை வைத்திக்குப்பம் கரையில், படகு நிழலில் உட்கார்ந்து பாடம் எடுத்தாள்.

“அது எங்க வூட்டு வார்த்தைடி. இங்கிலீஷ்காரன் தூக்கினு போயி கெடுத்து வச்சிருக்கான்.”

“ஒங்க வூட்டு வார்த்தையா? நீ இன்னா பாரீசுலயா பொறந்த?”

“வாய மூடு. இல்ல, மூடாத. ஒதட்டக் குவி, விசில் அடிக்கிற மாதிரி. அத்யே.”

“அத்தையே.”

“ஒங்க அத்தைய ஏன்டி இழுக்கிற!”

மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். பிறகு அவள் அர்த்தம் சொன்னாள். ‘கடவுளிடம்’ என்று பொருளாம். உன்னைக் கடவுளிடம் ஒப்படைத்தேன், இனி அங்கேதான் பார்ப்போம்.

“அதனால எங்கம்மா அத சொல்லவே வுடாது. ஒர்வார்தான் சொல்லணும். மறுபடி பாக்கலாம்னு.”

“எங்கம்மாவும் அப்படித்தான். போறேன்னு சொன்னா வாய்லயே போடும். போயிட்டு வரேன்னு சொல்லணும்.”

தெருவைக் கடக்கும் தூரம்தான். அதற்கும் தினம் சொல்லிக்கொள்வோம். அவள் “போயிட்டு வரேன்டி” என்பாள். நான் “போயிட்டு வா” என்பேன். ஒருத்தி நீட்டுவதும் ஒருத்தி வாங்கிக்கொள்வதுமாக அது எங்களுக்குள் போய்வந்தது. அதற்கு விலை இருக்கிறதென்று தெரியாத காலம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்கள் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பினார்கள். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன்: அவள் வாயால் ‘போயிட்டு வரேன்’ என்று கேட்டுவிட்டால் போதும், வந்துவிடுவாள். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையே சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

“நாளைக்குத்தான்டி கெளம்புறேன். இப்பவே இன்னா தொரத்துற?”

காலையில் டாக்சி வந்தது. அவள் அம்மா வீடு வீடாக ஏறி, ஒவ்வொருவர் கையையும் பிடித்து, “போயிட்டு வரேங்க” என்றார். அவள் யாரிடமும் போகவில்லை. நேராகப் போய்ப் பின் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டாள். நான் ஓடிப்போய் நின்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள், மாட்டேன் என்பதுபோல. கண்ணாடியில் அவள் கை பதிந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

“இன்னா பொண்ணு இது!” என் அம்மா பதறிப்போய்விட்டாள். “எழவு வூட்டுலேர்ந்து போற மாதிரி சொல்லிக்காம போறா!”

சாவு வீட்டில் மட்டும்தான் எங்கள் பக்கம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார்கள். அவளுக்கு அது தெரியாதா? தெரியும். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள், அவ்வளவுதான். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் அன்று நான் சாப்பிடவில்லை.

ராத்திரி அம்மா தட்டை என் முன்னால் தள்ளினாள். “சொல்லிக்கலன்னா இன்னும் கெளம்பலன்னு வச்சிக்கயேன். துன்னு.”

அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். எதிர் வீடு கை மாறி, இடிந்து, மாடி எழும்பிவிட்டது. மில் சங்கு கேட்டு விடிந்த தெரு அது. இப்போது சங்கும் இல்லை. என் மகள் பாடத்தை உரக்கப் படிக்கையில் அந்தச் சொல்லை மூன்றாக உடைக்கிறாள். நான் திருத்துவதில்லை. டாக்சி ஏதாவது தெருமுனையில் நின்றால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன்.

அவள் சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய ‘போயிட்டு வா’ இன்னும் என்னிடமே இருக்கிறது. வேறு யாருக்கும் அதைச் சொல்ல முடியவில்லை. என் மகளுக்குக்கூட வேறொன்றைத்தான் சொல்கிறேன்: “சீக்கிரம் வா.”