கங்காணி தேரில் வந்த நாடகம்

எழுபதுகளில், மேடையே கிடைக்காத தேயிலைத் தோட்டத்து ஆட்களின் நாடகங்களுக்கென்று பதுளையில் ஒரு விழா வைத்தார்கள். எழுதி அனுப்ப வேண்டும். பிறகு நேரில் வந்து பார்ப்பார்கள். தோட்டத்துக்கு ஒரு நாடகம்தான் பதுளைக்குப் போகும். மடுல்சீமைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் நாடகம் என்றால் நான்தான். திருவிழாவுக்குத் திருவிழா ராஜா வேடம் கட்டித் தொண்டை கட்டும்வரை கர்ஜிப்பவன். பழைய ராஜா நாடகம் ஒன்றையே அழகாகப் படியெடுத்து வைத்தேன்.

அப்போதுதான் என் மனைவியின் தம்பியும் ஒன்று எழுதுகிறான் என்று தெரிந்தது. ஃபெக்டரியில் என்னோடு கொழுந்து வாட்டுகிறவன். அதுவரை அவன் எழுதி நான் பார்த்தது லீவுக் கடிதம் மட்டும்.

"என்னா மச்சான், ராஜா கதையா? நம்ம தோட்டத்துக் கதைதானே கேட்டிருக்காங்க!" என்றான்.

மறுநாள் தபாலில் சேர்க்க வேண்டும். ராஜாவை அடித்துக் கங்காணி என்று போட்டேன். மந்திரி கணக்கப்பிள்ளையானார். வாள், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியானது. பதற்றத்தில் மற்றதெல்லாம் அப்படியே கிடந்தது.

மாலையானால் என் மச்சான் குடியிருந்த லயக்காம்பராவில் ஒரே சிரிப்புச் சத்தம். என் ஒத்திகையில் இருமல் சத்தம்தான். என் மனைவியோ அடிக்கடி "தம்பி வூட்டுக்குப் போயிட்டு வாறேங்க" என்று கிளம்பினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று யாரும் கவனிக்கவுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விழாக்காரர்கள் எங்கள் பாடசாலைக்கு வந்தார்கள். முதலில் என் நாடகம். கங்காணியாகிய நான் தேரிலிருந்து இறங்கினேன். "கணக்கப்பிள்ளையே! மாதம் மும்மாரி பொழிகிறதா?"

பின் வாங்குப் பலகையிலிருந்து ஒரு அக்கா கத்தினாள்: "பொழியுதுங்க, லயத்துக்குள்ளயே பொழியுது! தகரத்த மாத்திக் குடுங்க கங்காணி!"

கூட்டம் சிரித்துப் புரண்டது. நான் எழுதியது சோக நாடகம்.

அடுத்து மச்சானுடையது. பெண்கள் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்று சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான். எங்கள் பக்கம் பெண் வேடமும் ஆண்களே கட்டுவோம். இவன் நிஜப் பெண்களையே மேடையேற்றியிருந்தான். நடுவில் என் மனைவி!

"எம் புருசனா? வாளியத் தூக்குங்கன்னா, ராஜா தண்ணி தூக்குவாரான்னு கேப்பாரு!"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வீட்டில் நான் சொன்ன வசனம் அது. என் வசனத்துக்கு அவனுக்குக் கைதட்டு!

அவன் நாடகமே தேர்வாயிற்று. நான் பல்லைக் காட்டினேன். சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் மச்சான் வந்து நின்றான்.

"மச்சான், பதுளையில அந்தப் புருசனையும் காட்டச் சொல்றாங்க. ஒங்கள வுட்டா ஆளில்ல."

"ஒன் நாடகத்துலயா? நானா? போடா!" விறுவிறுவென்று வாசல்வரை போய்த் திரும்பினேன். "எத்தன வசனம்?"

"ஒன்னுமே இல்லீங்க," என்றாள் மனைவி. "நான் ஏசுறப்ப வாளியோட சும்மா நிக்கணும்."

பதுளையில் நின்றேன். அவள் ஏச ஏச, அடியில் ஏதோ கிடப்பதுபோல வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். மண்டபம் குலுங்கியது. ஏசிக்கொண்டிருந்தவளுக்கே சிரிப்பு வந்து வசனம் மறந்துபோனது. திரையோரம் நின்ற மச்சானைப் பார்த்தேன். முகம் சுண்டிக் கிடந்தது.

"நான் அப்புடி எழுதலையே, மச்சான்," என்றான் வெளியே வந்ததும்.

மடுல்சீமை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவனுக்கே விட்டுக்கொடுத்தேன்.